ஹினாரி லாகின் யாரிடமாவது இருக்கிறதா? பாம்புக்கடி தீசிஸுக்கு ஐந்து கட்டுரை தேவை

கட்டுவிரியன்_பிஜி | திங்கள், இரவு 11.40

வணக்கம். தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவம் எம்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீரகம் பழுதான நோயாளிகளைப் பற்றி என் தீசிஸ். முன்னாய்வுப் பகுதியை எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் இரண்டாவது பக்கத்தைத் தாண்டவில்லை.

பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடினால் எல்லாம் வருகிறது, ஆனால் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறது. முழுக் கட்டுரையை அமுக்கினால் 35 டாலர், 40 டாலர் என்று கேட்கிறான். எனக்கு முக்கியமானவை ஐந்து. அதில் மூன்று 'டாக்ஸிகான்' இதழில் வந்தவை. ஐந்தையும் வாங்கினால் 16,000 ரூபாய் பக்கம் வரும். எங்கள் நூலகத்தில் கேட்டதற்கு ஒரு லாகின் எழுதிக் கொடுத்தார்கள். உள்ளே போனால் பாடப்புத்தகங்கள்தான் இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் வளரும் நாடுகளுக்கு ஹினாரி என்று மருத்துவ இதழ்களைப் படிக்கும் வசதி ஒன்றை இலவசமாகத் தருகிறதாமே. யாரிடமாவது யூசர்நேம், பாஸ்வேர்ட் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஐந்தே கட்டுரைதான். எடுத்துவிட்டு மறந்துவிடுகிறேன்.

நைட்_டூட்டி | திங்கள், இரவு 11.52

கிடைத்தால் எனக்கும். அனஸ்தீசியா தீசிஸ்.

சுகர்_டாக்டர் | செவ்வாய், காலை 12.10

[நிறுவன லாகின் விவரம் இருந்ததால் இந்தப் பதிவு நீக்கப்பட்டது. தயவுசெய்து இங்கே யாரும் கடவுச்சொல் போட வேண்டாம். — நெறியாளர்]

சுகர்_டாக்டர் | செவ்வாய், காலை 7.30

சரி, மன்னிக்கவும். ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கொடுத்தது. நல்ல எண்ணத்தில்தான் போட்டேன்.

ஏடுகாப்பவள் | செவ்வாய், காலை 9.15

அரசு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் 19 வருடமாக இருக்கிறேன். நெறியாளர் நீக்கியது நல்லதாகப் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

ஹினாரி 2002 ஜனவரியில் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் ஆறு பெரிய பதிப்பாளர்களும் சேர்ந்து, சுமார் 1,500 இதழ்களோடு ஆரம்பித்தார்கள். இன்று அது ரிசர்ச்4லைஃப் என்ற பெரிய திட்டத்தின் ஒரு கிளை. வேளாண்மைக்கு அகோரா, சுற்றுச்சூழலுக்கு ஓஏஆர்இ என்று மற்ற கிளைகளும் உண்டு. மிகவும் ஏழை நாடுகள் ஏ குழு, அவர்களுக்கு முழு இலவசம். கொஞ்சம் வசதியான நாடுகள் பி குழு, அங்கே ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 1,500 டாலர் கட்டும். பட்டியலில் உள்ள நாட்டின் பல்கலைக்கழகமோ மருத்துவமனையோ தன் பெயரில் பதிந்துகொண்டு, நூலகர் கையில் ஒரு கடவுச்சொல் வாங்கும். தனி ஆளுக்குக் கொடுப்பது கிடையாது.

இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை தம்பி. தொடங்கிய நாளிலும் இல்லை. அப்போது தலைக்கு ஆண்டு வருமானம் 1,000 டாலருக்குக் கீழே இருந்தால் இலவசம் என்றுதான் விதி. அந்தக் கணக்கில் நாம் தாராளமாக உள்ளே வந்திருப்போம். ஆனால் பதிப்பாளர்களுக்கு இங்கே ஏற்கெனவே சந்தா கட்டும் நூலகங்கள் நிறைய இருந்தன. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு யார் இலவசமாகத் தருவார்கள்? பிறகு நாட்டின் மொத்த வருமானத்தையும் அளவுகோலில் சேர்த்தார்கள், கதவு நிரந்தரமாகச் சாத்தப்பட்டது. ஊரே பணக்கார ஊர் என்று சொல்லி, கடைசி வீட்டுக்காரருக்கு ரேஷன் கார்டு மறுப்பது மாதிரி.

சுகர் டாக்டர், உங்கள் நண்பர் கொடுத்த அந்தக் கடவுச்சொல் ஒரு மருத்துவமனை முழுவதற்கும் ஒன்றே ஒன்று. இணையத்தில் பரவினால், திடீரென்று வேறொரு நாட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் கட்டுரை இறங்குவது அவர்களுக்குத் தெரியும். உடனே நிறுத்துவார்கள். நிறுத்தினால் தவிக்கப் போவது உங்கள் நண்பரின் வார்டு.

கட்டுவிரியன்_பிஜி | செவ்வாய், காலை 10.02

இது தெரியாமல் கேட்டுவிட்டேன் மேடம். ஆனால் இதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டது என்கிறார்களே, அதில் நாங்கள் வர மாட்டோமா?

ஏடுகாப்பவள் | செவ்வாய், காலை 10.40

வர மாட்டீர்கள். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்கள். எல்லாம் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். தனியார் கல்லூரி அதில் சேர்த்தி இல்லை.

திண்ணை_வைத்தியர் | செவ்வாய், காலை 11.05

அரசுக் கல்லூரிக்குக் கொடுத்தார்களே, அங்கே எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். என் மகள் அரசுக் கல்லூரியில்தான் பி.ஜி. படிக்கிறாள். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

ஏடுகாப்பவள் | செவ்வாய், பகல் 1.20

உண்மை. சாப்பாட்டு நேரத்தில் தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். வளாகத்தின் ஐபி எண்களை, அதாவது இணைய முகவரி எண்களை, கொடுத்துப் பதிந்தோம். நூலகக் கணினியில் அமர்ந்தால் கடவுச்சொல்லே வேண்டாம், இதழ் தானாகத் திறந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். நாலு மாதம் கழித்து நிர்வாகத்தில் யாரோ இணைய இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள், மாதம் சில ஆயிரம் மிச்சம் என்று. ஐபி மாறிவிட்டது, யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையில் ஒரு பி.ஜி. வந்து "மேடம், காசு கேட்கிறான்" என்றபோதுதான் தெரியும். புது எண்ணை எழுதி, முதல்வர் கையெழுத்து வாங்கி, அனுப்பி, சரியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் வந்த பிள்ளைகள் "இங்கே ஒன்றும் திறக்காது" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை வார்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயம், பிள்ளைகள் ஜர்னல் தேடுவது நூலகத்தில் இல்லை. இரவு டூட்டி அறையில், சொந்த போனில், சொந்த டேட்டாவில் தேடுகிறார்கள். போன் டேட்டாவுக்கு எங்கள் வளாக ஐபி கிடையாது. அதனால் அவர்கள் கண்ணில் படுவது 35 டாலர் பக்கம் மட்டும்தான்.

கேபிள்_மாமா | செவ்வாய், மாலை 6.30

டாக்டர் இல்லை, ஒரு பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க் பார்க்கிறவன். மேடம் சொன்னதற்கு வழி இருக்கிறது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் என்ற கூட்டமைப்பில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், ஒவ்வொரு மாணவருக்கும் தனி லாகின் கொடுக்கலாம். வீட்டிலிருந்தும் திறக்கும்.

செய்முறை இப்படி. பதிப்பாளர் தளத்தில் கட்டுரையைத் திறந்து, நிறுவனம் வழியாக நுழை என்ற பொத்தானை அமுக்க வேண்டும். சில தளங்களில் முதலில் கூட்டமைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், சிலவற்றில் நேரே கல்லூரிப் பெயரைத் தேடலாம். பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கல்லூரிப் பெயர் 'கவர்ன்மென்ட்' என்று தொடங்குகிறதா, 'கவர்மெண்ட்' என்று எவனோ பிழையாக அடித்து வைத்திருக்கிறானா, ஊர் பெயரில் இருக்கிறதா, யாருக்கும் தெரியாது. எங்கள் பல்கலைக்கழகம் ஒரு தளத்தில் முழுப்பெயரில் இருக்கிறது, இன்னொன்றில் சுருக்கெழுத்தில். இரண்டையும் ஒரு தாளில் எழுதி நூலக வாசலில் ஒட்டினேன். அன்றிலிருந்து எனக்கு வரும் போன் பாதியாகக் குறைந்தது.

பெயரைத் தேர்ந்தெடுத்ததும் பக்கம் உங்கள் கல்லூரியின் லாகின் திரைக்குத் தாவும். கடவுச்சொல்லை அங்கே போடுகிறீர்கள், பதிப்பாளர் கண்ணுக்கு அது போகாது. 'இவர் எங்கள் ஆள்' என்று கல்லூரி ஒரு சீட்டு மட்டும் அனுப்பும். அவ்வளவுதான் விஷயம்.

சுகர்_டாக்டர் | செவ்வாய், மாலை 7.10

இவ்வளவு எதற்கு? எல்லோரும் என்ன செய்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். கஜகஸ்தான் பெண்மணி வாழ்க.

ஏடுகாப்பவள் | செவ்வாய், இரவு 8.00

சை-ஹப்பைச் சொல்கிறீர்கள், காசுக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் அந்தப் பெண்மணியின் தளத்தை. எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகிய பதிப்பாளர்கள் மூவரும் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் அதை முடக்கும்படி உத்தரவு வந்துவிட்டது. அதோடு, வழக்கு வந்ததிலிருந்தே அங்கே புதுக் கட்டுரைகள் ஏறுவது ஏறக்குறைய நின்றுபோனது. போன வருடத்துக் கட்டுரையைத் தேடும் பி.ஜி.க்கு அது எப்படியும் உதவாது. நியாயமா அநியாயமா என்று வேறொரு இழையில் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

வாவிக்கரை | செவ்வாய், இரவு 9.45

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன், வைத்தியசாலையில் பொது மருத்துவப் பிரிவு. தம்பியின் தலைப்பைப் பார்த்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை. பாம்புக்கடி எங்கள் வார்டிலும் அன்றாடச் சோறு.

எங்களுக்கு ஹினாரி உண்டு. நான் மருத்துவ பீடத்தில் விரிவுரை செய்த காலத்தில் இலங்கை பி குழுவில் இருந்தது. காசு கட்டினால்தான் கதவு திறக்கும். கட்டத் தவறிய ஒரு வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விலைப்பட்டியல் நிதிப் பிரிவில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போவதற்குள் லாகின் போய்விட்டது. 1,500 டாலர் பெரிய காசு இல்லை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ரூபாய் விழுந்த நாட்களில் அது எத்தனை லட்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஹினாரிக்குள் ஒரு நுணுக்கம். அதன் வாசல் வழியாகப் போனால்தான் கட்டுரை திறக்கும். கூகுளில் தேடி நேரே இதழின் தளத்துக்குப் போனால் நீங்களும் ஒரு வெளியாள்தான். என் மாணவர்கள் மாதக்கணக்கில் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். "சேர், ஹினாரி வேலை செய்யுதில்லை" என்பார்கள். திரையைக் காட்டச் சொன்னால், முகவரிப் பட்டையில் வெறும் இதழ் முகவரிதான் இருக்கும். ஹினாரி வழியாக வந்திருந்தால் அந்த முகவரியின் வாலில் ரிசர்ச்4லைஃப் என்று ஒட்டிக்கொண்டிருக்கும். வாலைப் பார், வால் இல்லாவிட்டால் திரும்பப் போ என்று சொல்லிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. பட்டியலில் நாடு இருந்தாலும் எல்லாப் பதிப்பாளரும் எல்லா நாட்டுக்கும் கொடுப்பதில்லை. ஒரு நாட்டில் தமக்கு வியாபாரம் வரும் போலத் தெரிந்தால் விலகிக்கொள்வார்கள். 2011 ஜனவரியில் வங்கதேசத்தில் அதுதான் நடந்தது. ஒரே வீச்சில் 2,500க்கும் மேற்பட்ட இதழ்களை நிறுத்தினார்கள், எல்சவியர் மட்டுமே 1,600க்கு மேல். டாக்காவில் இருந்தவர்கள் ஒரு நாள் காலையில் திறந்து பார்க்க, எதுவும் திறக்கவில்லை. லான்செட், பிஎம்ஜே என்ற மருத்துவ இதழ்கள் இரண்டிலும் விஷயம் வெளியாகிக் கண்டனம் எழுந்த பிறகு சில வாரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். லான்செட்டை வெளியிடுவதும் எல்சவியர்தான், அதையும் சொல்ல வேண்டும். உரிமையாகக் கிடைத்தது வேறு, தயவில் கிடைத்தது வேறு என்று அன்றைக்கு எங்களுக்கும் விளங்கியது.

திண்ணை_வைத்தியர் | புதன், காலை 6.20

நான் 31 வருடமாக கிளினிக் நடத்துகிறேன். ஜர்னல் இல்லாமலும் நோயாளிகள் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜர்னல் படிக்கவில்லை என்று யாராவது செத்ததாகக் காட்டுங்கள் பார்ப்போம்.

அகதிமுகாம்_டாக்டர் | புதன், காலை 8.05

காட்டுகிறேன் ஐயா. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வெடித்தபோது, லைபீரியாவில் அந்த நோய் இதற்கு முன் இருந்ததே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். 2015 ஏப்ரலில் அந்த நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டானும் வேறு இருவரும் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1982லேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் லைபீரிய மக்களின் ரத்தத்தைச் சோதித்து, ஆறு சதவீதம் பேரிடம் எபோலா எதிர்ப்பொருள் இருந்ததைப் பிரசுரித்திருக்கிறார்கள். எபோலா பரவும் பகுதியில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்றே அதில் இருக்கிறது. அது ஓர் ஐரோப்பிய வைரஸ் ஆய்விதழில் கிடந்தது. லைபீரியாவில் யாருக்கும் தெரியாது. அந்த ஆய்வில் லைபீரியர் எவரும் சேர்க்கப்படவும் இல்லை. இறக்கிப் படிக்க 45 டாலர், அங்கே ஒரு மருத்துவரின் அரை வாரச் சம்பளம்.

கேபிள்_மாமா | புதன், காலை 8.40

லைபீரியா ஹினாரி ஏ குழுவில் இருக்கும் நாடாயிற்றே? இலவசம்தானே?

அகதிமுகாம்_டாக்டர் | புதன், காலை 9.00

நாடு பட்டியலில் இருந்தால் போதாது. நிறுவனம் பதிந்திருக்க வேண்டும், நூலகர் என்று ஒருவர் இருக்க வேண்டும், கரண்ட் இருக்க வேண்டும், இணையம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அப்படி ஒரு கட்டுரை இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு முகாம் ஆஸ்பத்திரியில் ஹினாரி கடவுச்சொல் அலுவலக இரும்பு அலமாரிக்குள் ஒரு காகிதத்தில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் ஊருக்குப் போயிருந்தார். ஆறு வாரம்.

திண்ணை_வைத்தியர் | புதன், காலை 9.30

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளினிக்கில் எனக்கு வேண்டியது டோஸ் என்ன என்பதுதான். அதற்கு அப்டுடேட் என்ற மருத்துவத் தகவல் தளம் போதும். மகளின் லாகினில் பார்த்துக்கொள்கிறேன். (இதுவும் தப்புதானோ?)

ஏடுகாப்பவள் | புதன், காலை 10.15

தப்புதான் டாக்டர். நான் எதையும் பார்க்கவில்லை.

தம்பி, உங்கள் வேலைக்கு வருவோம். நியாயமான வழிகள் சில உண்டு. கட்டுரை எழுதியவருக்கு நேரே மின்னஞ்சல் போடுங்கள், முகவரி சுருக்கத்தின் கீழேயே இருக்கும். நாலு வரி போதும்: யார், எந்தக் கல்லூரி, என்ன தீசிஸ், எந்தக் கட்டுரை. தங்கள் கட்டுரையை ஒருவன் தேடிக் கேட்கிறான் என்றால் ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தோஷம்தான். உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டுரையின் சட்டப்படியான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும். உங்கள் கல்லூரி டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பில் உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள். உறுப்பினர் என்றால் வேறு நூலகத்திலிருந்து நகல் வரவழைக்கலாம். பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பாய்வுகளையும் பாருங்கள். 2007லேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) காசு கட்டி, இந்தியாவில் எவரும் படிக்கலாம் என்று அதை வாங்கிக் கொடுத்தது. தனியார், அரசு என்று பேதம் பார்க்காத ஏற்பாடு. அப்படி இன்னும் நாலு வந்திருந்தால் இந்த இழைக்கே வேலை இருந்திருக்காது.

வாவிக்கரை | புதன், மாலை 4.30

மேடம் சொன்னதோடு ஒன்று. பாம்புக்கடியில் பெரிய ஆய்வுகள் சில திறந்த இதழ்களிலேயே உண்டு. இந்தியாவில் 2005இல் மட்டும் 45,900 பேர் பாம்புக்கடியில் இறந்ததாகக் கணக்கிட்ட ஆய்வு 2011இல் பிஎல்ஓஎஸ் இதழில் வந்தது. 2000 முதல் 2019 வரை 12 லட்சம் பேர் என்ற பிந்திய கணக்கு 2020இல் ஈலைஃபில் வந்தது. இரண்டுக்கும் சதம் கொடுக்கத் தேவையில்லை. எங்கள் சிலோன் மெடிக்கல் ஜர்னலையும் தேடுங்கள், அதுவும் இலவசம்.

உங்கள் மருந்துக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பு இருப்பது தெரியுமோ என்னவோ. நாங்கள் போடும் எதிர்நஞ்சு இந்தியாவில் செய்து வருவது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதி உங்கள் ஊர் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுப்பது. எங்கள் ஊர் ஹிப்னேல் விரியன் கடித்தால் அந்த மருந்து கேட்காது. ஏன் என்று எழுதிய கட்டுரைகள் எங்கள் நோயாளிகளின் ரத்தத்தை வைத்துத்தான் எழுதப்பட்டன. அவற்றில் சிலதைப் படிக்க நானே யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது.

கட்டுவிரியன்_பிஜி | சனி, இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. நிலவரம்:

புதன் இரவே ஐந்து பேருக்கும் மின்னஞ்சல் போட்டேன். வியாழன் காலை டூட்டி முடிந்து பார்த்தால் ஒரு பதில். கட்டுரையோடு, தரவு சேகரிக்கப் பயன்படுத்திய படிவத்தையும் அனுப்பியிருந்தார், "இதையும் எடுத்துக்கொள்" என்று. எனக்கு அந்தப் படிவம்தான் கட்டுரையைவிட உபயோகம். இரண்டாவது நேற்று வந்தது. மூன்றாவதற்கு அன்பேவாலில் பச்சைப் பூட்டு தெரிந்தது, பதிப்புக்கு முந்தைய வடிவம். நாலாவது எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார் போல, மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. ஐந்தாவதற்குப் பதிலே இல்லை.

கல்லூரியில் டெல்நெட் கேட்டேன். "அது என்னது தம்பி?" என்று எங்கள் நூலகர் என்னையே கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, நூலகத்தில் அவர் ஒரே ஆள். மேடம் எழுதியதை அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், கரஸ்பாண்டென்டிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

நைட்_டூட்டி | சனி, இரவு 10.31

மின்னஞ்சலில் என்ன எழுதினீர்கள் என்று இங்கே போடுங்கள், காப்பி அடித்துக்கொள்கிறேன்.

ஏடுகாப்பவள் | ஞாயிறு, காலை 8.10

நாலாவதற்கு இரண்டாம் ஆசிரியர் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் அவருடைய மாணவராக இருப்பார், இன்னும் வேலையில் இருப்பார். அவருக்கு எழுதுங்கள். ஐந்தாவதற்கு ஒரு வாரம் பொறுத்து மறுபடி ஒரு வரி போடுங்கள். அப்புறம் உங்கள் நூலகரின் போன் எண்ணை, அவரிடம் கேட்டுவிட்டு, எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். டெல்நெட் விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று அவரோடு பேசுகிறேன். இன்ஸ்பெக்‌ஷன் வரை காத்திருக்க வேண்டாம்.